ஒரு விரிப்பை மடிக்கும் நேரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து ஆரம்பித்தது. பெரிய பொய் இல்லை, ஒரு வரிதான். "முன்வைக்கப்பட்ட திட்டத்தைப் பெற்றோர் ஏற்று மகிழ்ச்சி தெரிவித்தனர்." அதைத் தட்டச்சு செய்தவன் நான். பதினான்கு வருடங்களாக ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அதையே செய்து வந்திருக்கிறேன்.

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் பள்ளியில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் இருபது பேர் படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வருடா வருடம் தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுதுவார்கள். பிள்ளைக்கு இப்போது என்னென்ன வருகிறது, அடுத்த வருடம் எதைக் கற்பிப்பது, எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று ஒன்பது பக்கம். பெற்றோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுப்பது என் வேலை.

ஒன்பதாம் பக்கத்தின் அடியில் 'பெற்றோர் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு வரி எழுதலாம். பக்கத்திலேயே பள்ளி முத்திரைக்கு ஒதுக்கியிருக்கும் இடம் அதைவிடப் பெரிது. கூட்டம் முடிந்தபின் நிரப்ப வேண்டிய கட்டம் அது. ஒரே நாளில் ஆறு கூட்டம் வைத்தால் யாருக்கு நேரம் இருக்கிறது? நான் முதல் நாளே நிரப்பி வைத்துவிடுவேன். ஒரு வருடம், கூட்டத்துக்கே வராத ஒரு கணவன் மனைவியையும் மகிழ்ச்சி தெரிவிக்க வைத்திருக்கிறேன். ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, ஏனென்றால் ஒன்பதாம் பக்கம் வரை ஒருவரும் படித்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒருவர் படித்துவிட்டார்.

2

கதை எழுதி எனக்குப் பழக்கமில்லை. முதல் வரிக்கே மூன்று முறை முக்கினேன்.

"அந்தத் தாயின் கண்களில் ஒரு கடல்—" (வேண்டாம். அவர் அன்று மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். கண்ணே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.)

"சக்கர நாற்காலியில் ஒரு மலர்—" (மலர் ஐந்தாம் வகுப்பில் படிக்காது.)

"தலைமையாசிரியையின் மேஜையில் நீல நிற விரிப்பு ஒன்று கிடந்தது." இது இருக்கட்டும். உண்மை. பின்னால் தேவைப்படவும் செய்யும்.

இனி ஆட்கள். அம்மா, அப்பா, அவர்களுடைய மகள், சிறப்பாசிரியை, தலைமையாசிரியை. அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மடிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகளுக்கு வயது பதினொன்று. பிறக்கும்போதே உடம்பின் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை. பேச்சு வராது. நாற்காலியின் முன்னால் ஒரு தட்டு பொருத்தியிருக்கும், அதில் அட்டைகளை வைத்தால் இடது கையை நகர்த்தி ஒன்றைத் தொடுவாள். வீட்டில் அவளுக்கு 'மகாராணி' என்று பெயர். எல்லாரையும் காக்க வைப்பதால் வந்த பட்டம்.

குறிப்பெடுப்பவன் என்று இன்னொருவன் வருவான். அவன்தான் நான். இதைக் கடைசி வரை மறைத்து வைத்துத் திடுக்கிட வைத்திருக்கலாம். அவ்வளவு சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

3

தலைமையாசிரியையின் மேஜையில் நீல நிற விரிப்பு ஒன்று கிடந்தது. அம்மாவின் கை தானாக அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. கஞ்சி போடாத பருத்தி. நாலு தடவை துவைத்தால் வெளுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் கணவர், இன்னொரு பக்கம் மகள். கூட்டம் தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

குறிப்பெடுப்பவன் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. மற்றப் பெற்றோர்கள் மஞ்சளைத் தேடித் தேடிக் கையெழுத்துப் போடுவார்கள். இந்த அம்மாவுக்கு வேறு பழக்கம். சலவைக்கூடத்தில் மூட்டை வந்தால் அவர் முதலில் அடியில் கைவிட்டுச் சீட்டை உருவுவார். எந்த வார்டு, எத்தனை விரிப்பு, எதில் கறை என்பதெல்லாம் அந்த அடிச்சீட்டில்தான் இருக்கும். அதே பழக்கத்தில் கோப்பைக் கவிழ்த்துக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தார்.

"நான் இன்னும் வாயே தெறக்கல" என்றார். "அதுக்குள்ள மகிழ்ச்சி தெரிவிச்சுட்டேனா?"

அறையில் இருந்த எல்லாரும் குறிப்பெடுப்பவனைப் பார்த்தார்கள். அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான், மறுபடி மூடினான்.

"அது ஒரு வழக்கமான வாசகம்மா" என்றார் தலைமையாசிரியை. "நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. விஷயம் இதுதான். ஆறாங்கிளாஸ்ல பாடம் ரொம்ப கஷ்டம். இவளைக் கீழ தனிப் பிரிவுக்கு மாத்திடலாம்னு நாங்க நெனைக்கறோம். அங்க நெருக்கடி இல்ல. பாசிமணி கோக்கறது, வண்ணம் அடிக்கறதுன்னு நிம்மதியா இருப்பா."

"எத்தனை வருஷம்?"

"பதினெட்டு வயசு வரைக்கும் வச்சுக்கலாம்."

ஏழு வருடம் பாசி. அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டார். கணவர் மெதுவாக, "படிச்சவங்க யோசிச்சுத்தான் சொல்வாங்க. போட்டுட்டுப் போலாம்" என்றார். அவர் நல்ல மனிதர்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் சொன்னால் தலையாட்டுவார். வருடா வருடம் கூட்டத்துக்கு அவர் மட்டும் வந்து, அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருந்தார்.

அம்மா பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். நான்காம் பக்கத்தில் நின்றார். முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பதில் இல்லை' என்று எழுதியிருந்தது.

"ஒண்ணுக்குக்கூடவா இல்ல? வீட்ல இவளைக் கேக்காம நான் டிவி சேனல் மாத்த முடியாது, தெரியுமா?"

சிறப்பாசிரியை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஆறு வருடமாக அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பவர். "நான் அவசரப்படுத்தலைங்க. ரொம்பப் பொறுமையாத்தான் கேட்டேன். ஒவ்வொரு கேள்வியையும் மூணு தடவை கேட்டேன்."

"மூணு தடவையா?" என்றார் அம்மா. கோப்பை மூடி வைத்தார். "எம் முன்னால ஒண்ணு கேளுங்க டீச்சர்."

சோதனை நடக்கும்போது பெற்றோர் வெளியே வராந்தாவில் இருப்பதுதான் வழக்கம். தலைமையாசிரியை சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

சிறப்பாசிரியை தட்டில் நான்கு அட்டைகளை வைத்தார். குனிந்து, அன்பாக, "செல்லம், இதுல முக்கோணம் எது?" என்றார். பத்து நொடி விட்டு, "முக்கோணம் எதும்மா?" இன்னும் பத்து நொடி. "மூணு பக்கம் இருக்குமே, அது எதுடா கண்ணா?" முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பதில் இல்லை.

அம்மா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். மடியில் கிடந்த இடது கை மெல்லக் கிளம்பியது. இரண்டாவது தடவை குரல் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டு மடியில் விழுந்தது. மறுபடி கிளம்பியது, மறுபடி விழுந்தது. ஆறு வருடமாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அவ கெளம்பி வந்துட்டே இருக்கா டீச்சர். நீங்க ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பறீங்க."

பிறகு எழுந்து, மேஜையிலிருந்த பேனாத்தாங்கியையும் மணியையும் எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார். நீல விரிப்பை உருவி, சிறப்பாசிரியையின் கையில் கொடுத்தார்.

"ஒரே ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு இதை மடிங்க. சனிக்கிழமைல இவ எங்கூட சலவைக்கூடத்துல இருப்பா. நான் ஒரு கேள்வி கேட்டுட்டு ஒரு டபுள் பெட்ஷீட்டை மடிப்பேன். மடிச்சு அடுக்கறதுக்குள்ள பதில் வந்துடும்."

"நீங்களே மடிங்களேன்" என்றார் சிறப்பாசிரியை.

"நான் மடிச்சா சீக்கிரம் முடிஞ்சுடும்."

சிறப்பாசிரியை முக்கோணம் எது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விரிப்பை மடித்தார். முனைகள் சேரவில்லை, உதறிவிட்டு மறுபடி மடித்தார். அவர் கடைசி மடிப்பைத் தட்டிச் சரிசெய்தபோது, மகளின் கை முக்கோணத்தின் மேல் இருந்தது.

எண் அட்டைகளைத் தட்டில் மாற்றி வைத்து, விரிப்பை உதறிவிட்டு அடுத்த கேள்வி கேட்டார். ஐந்தும் மூன்றும் எத்தனை? மறுபடி மடிப்பு. கை எட்டின் மேல் போய் நின்றது.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது சரிம்மா. ஆனா கிளாஸ்ல முப்பத்தஞ்சு பேரு இருக்காங்க. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மேஜை விரிப்பை மடிக்க முடியுமா, சொல்லுங்க?"

நியாயமான கேள்விதான்.

"தெரியல" என்றார் அம்மா. "அதுக்குத்தானே இந்தக் கூட்டம்?"

அன்று கையெழுத்தாகவில்லை. சோதனையை முழுதாக மறுபடி நடத்துவது, அம்மாவை உள்ளே உட்கார வைப்பது, வகுப்பை முடிவு செய்ய அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை மறுபடி கூடுவது என்று முடிவானது. நான்காம் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: கேள்வியை ஒரு முறை மட்டும் கேட்க வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல, குறிப்பெடுப்பவன் எழுதினான். பதினான்கு வருடத்தில் ஒரு பெற்றோர் சொல்லி அவன் எழுதிய முதல் வரி அதுதான்.

4

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் சிறப்பாசிரியையைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். கீச்சுக் குரல், கையில் பிரம்பு மாதிரி ஒரு அடிக்கோல். கதைக்கு ஒரு வில்லி வேண்டாமா? எழுதி முடித்த பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. எங்கள் பள்ளியில் அவரைவிடப் பொறுமைசாலி கிடையாது. அவர் பொறுமையின் வடிவமே திரும்பத் திரும்பக் கேட்பதுதான். வழிகாட்டிப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது: பத்து நொடி விட்டு மறுபடி கேட்கவும்.*

* அந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவனும் நானே. இந்தக் கதையில் என் விரல் படாத பக்கமே இல்லை போலிருக்கிறது.

சும்மா உட்கார்ந்து காத்திருப்பவரை எங்கள் பள்ளியில் யாரும் வேலை செய்கிறார் என்று நினைக்கமாட்டார்கள். ஆசிரியர் என்றால் வாய் அசைய வேண்டும். அன்று கூட்டம் முடிந்த பிறகு, சிறப்பாசிரியை காலியான அறையில் அந்த நீல விரிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆறு வருஷம் சார்" என்றார்.

5

வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கதையோ முடிவு கேட்கிறது. எனக்குத்தான் முன்கூட்டியே நிரப்பிப் பழக்கமாயிற்றே, இரண்டு முடிவுகளை எழுதினேன்.

முடிவு அ: மறுசோதனையில் அவள் முப்பதுக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஆறாம் வகுப்பே எழுந்து நின்று கைத— (போதும்.)

முடிவு ஆ: விரிப்பு மடிக்கவெல்லாம் நேரமில்லை என்று அவளைத் தனிப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நட— (இதுவும் போதும்.)

எது நல்ல முடிவு என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அதே வேலையைத்தான் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். அந்த அம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லை, நான் கட்டத்தை நிரப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை காகிதங்களை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன்.

6

நீளமான கூடம். ஒரு பக்கம் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன, மறுபக்கம் மடிப்பு மேஜைகள். எங்கும் சூடான துணியின் வாசனை. ஜன்னலோரம் மகாராணி உட்கார்ந்திருந்தாள். அம்மா விரிப்பின் இரண்டு முனைகளை மோவாயில் இடுக்கிக்கொண்டு, "படிங்க சார், காதுதானே வேணும்" என்றார்.

படித்தேன். அவர் மடித்துக்கொண்டே கேட்டார். மூன்று இடத்தில் நிறுத்தினார்.

முதலில், "அன்னிக்கு நான் கண்ணாடி போடல. வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். கோப்பை மூக்குக்கிட்ட வச்சு படிச்சேனே, நீங்க பாக்கல?" (இரண்டாம் பகுதியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். என் ஞாபகத்தின் லட்சணம் எல்லாருக்கும் தெரியட்டும்.)

அடுத்தது, "அவர் லிஃப்ட் பத்திப் பேசினதை விட்டுட்டீங்களே. கூட்டத்துல அவர் சொந்தமா வாய் தெறந்ததே அதுக்குத்தான்."

ஆமாம், விட்டுவிட்டேன். ஆறாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று தலைமையாசிரியை சொன்னார். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "அது கதவு சென்சார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா அரை மணி நேரத்துல வந்து சரி பண்ணிட்டுப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் 'போட்டுட்டுப் போலாம்' என்று சொல்லவில்லை. கதைக்கு முக்கியமில்லை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவதாக, விரிப்பைக் கீழே வைத்தே விட்டார்.

"எட்டுன்னு எழுதியிருக்கீங்க. அவ ஏழு மேலதான் கை வச்சா."

"தெரியும்மா. ஆனா, கதைக்கு நல்லாருக்கும்னு…"

"உங்க கதை நல்லாருக்கறதுக்கு எம் பொண்ணு கணக்கை மாத்திப் போடணுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏழு தப்புதான் சார். எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா பதிலே இல்லைன்னு எழுதின இடத்துல ஒரு தப்பு வந்துச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் எனக்கு அதுதான் சந்தோஷம். தப்புன்னா சொல்லிக்கொடுக்கலாம்ல?"

(ஆகவே மூன்றாம் பகுதியில் எட்டு என்று வருகிற இடத்தில் ஏழு என்று படித்துக்கொள்ளவும். அடித்துத் திருத்தினால் நான் செய்தது தெரியாமல் போய்விடும்.)

பிறகு இரண்டு முடிவுகளையும் படித்துக் காட்டினேன். எதை வைக்கலாம் என்று கேட்டேன். அவர் அடுத்த விரிப்பை எடுத்து உதறினார்.

"ரெண்டுமே நீங்க சொல்றதுதான். ரெண்டுலயும் அவ என்ன நெனைக்கறான்னு…"

பாதியில் நிறுத்திவிட்டார். விரிப்பு கையிலேயே தொங்கியது. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் கேக்கல சார்" என்றார். "மூணு வாரமா ஆறாங்கிளாஸ், ஆறாங்கிளாஸ்னு வீட்ல நானேதான் கத்திட்டிருக்கேன். உனக்கு எங்க இருக்கணும்னு தோணுதுன்னு ஒரு தடவைகூட அவகிட்ட கேக்கல."

ஒன்பது பக்கத் திட்டத்தில் பெற்றோருக்காவது இரண்டு வரி இருக்கிறது. பிள்ளையின் கருத்து என்று ஒரு கட்டமே கிடையாது. பதினான்கு வருடம் தட்டச்சு செய்தும் அது என் கண்ணில் பட்டதில்லை.

7

மூட்டைகளில் கட்டும் அடிச்சீட்டுகள் மூன்றை அம்மா எடுத்தார். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். ஒன்றில் 'மாடி', ஒன்றில் 'கீழே'. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'வேற' என்று எழுதினார். மூன்றையும் தட்டில் பரப்பினார். 'மாடி' சீட்டு மகளின் கைக்குச் சற்று அருகில் இருந்தது. அதைக் கவனித்துவிட்டு, அவரே பின்னால் நகர்த்தி மற்ற இரண்டோடு வரிசையாக வைத்தார்.

"நீங்க கேளுங்க சார். நான் கேட்டா எனக்குப் பிடிச்ச மாதிரி கேட்டுடுவேன்."

நான் நாற்காலியின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். பதினான்கு வருடத்தில் எங்கள் பள்ளியின் ஒரு பிள்ளையிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது.

"அடுத்த வருஷம் நீ எங்க இருக்கணும்னு நெனைக்கிற?"

அம்மா ஒரு டபுள் விரிப்பை எடுத்து, எனக்கும் தனக்கும் நடுவே உதறினார்.

இதற்குமேல் முடிவு என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை கூட்டத்துக்கான கோப்பு என் மேஜையில் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்துக் கட்டம் காலி. அதற்குக் கீழே கையால் கோடு போட்டு இன்னொரு கட்டம் வரைந்திருக்கிறேன், அதுவும் காலி. இப்போது நீங்களும் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் மடிப்பு முடிந்துவிட்டது. இடது கை மடியிலிருந்து கிளம்பித் தட்டின் விளிம்பைத் தொட்டிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்னும் தெரியவில்லை. 'என்னம்மா?' என்று என் வாய் வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

தயவுசெய்து, அப்புறம் என்ன ஆச்சு என்று நீங்களும் கேட்காதீர்கள். கேட்டால் கை மறுபடி மடிக்குப் போய்விடும்.